மாரி டீச்சரை ஊருக்கு அனுப்பியது

தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு உரக்கடை மாடியில் இரண்டே அறைகளில் அந்த டிரஸ்ட் நடந்துவந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவழைத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். இந்தப் பக்கத்துப் பையன்களும் பெண்களும் நாலைந்து பேர் அந்த ஊர்களுக்குப் போய்வருவார்கள். டைரக்டர் ஏசுதாசன் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். மற்றதெல்லாம் யுவராணி பாடு.

யுவராணி அனுமந்தன்பட்டிக்காரி. பி.எட். முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில், 1997இல், வீட்டில் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று வந்து சேர்ந்தாள். அப்படியே தங்கிவிட்டாள். மதுரை ஏர்போர்ட்டில் போய் நின்று அழைத்துவர வேண்டும். எஸ்.பி. ஆபீஸில் பதிவு போட வேண்டும். வயிற்றால் போனால் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். துப்பட்டாவை எந்த ஊரில் எப்படிப் போட வேண்டும் என்பதிலிருந்து, யார் வீட்டில் காபியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதுவரை சொல்லித்தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் கர்ணன், தன் பெண்டாட்டி வெள்ளைக்காரப் பிள்ளைகளை மேய்க்கப் போயிருக்கிறாள் என்றுதான் ஊரில் சொல்லுவான்.

அந்த வேலையில் அவளுக்குப் பயம் என்று இருந்தது ஒன்றுதான், தாய் தகப்பனின் போன். கண்காணாத இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறவர்கள் பேசுவார்கள். அவர்களிடம் குரலை உயர்த்தாமல் நிதானமாகப் பேசிப் பேசி, நாளடைவில் அது அவளுடைய சொந்தக் குரலாகவே ஆகிவிட்டது.

2001 ஜூனில் நார்வேயிலிருந்து மாரித் என்ற பெண் வந்தாள். பத்தொன்பது வயது, நெடுநெடுவென்ற உயரம், பேச்சு குறைவு. அவளைக் கடமலைக்குண்டைத் தாண்டி வருசநாட்டு மலையடியில் இருக்கும் கல்லூத்துப்பட்டியில் போட்டார்கள். டிரஸ்ட் நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. சண்முகத்தாய் டீச்சர்தான் தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையிலேயே மாரித் தங்கிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமையானால் பிரவுசிங் சென்டருக்கும் ஐஸ்கிரீமுக்கும் தேனிக்கு ஓடி வருவார்கள். இவள் வருவதில்லை. பொங்கலுக்குள் ‘அவுக வந்தாக, இவுக போனாக’ என்று பேச ஆரம்பித்துவிட்டாள். மாரித் என்பது பிள்ளைகளுக்கு வாயில் நுழையாமல் மாரி டீச்சர் ஆனாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. போர்டு பக்கம் நிற்காமல், வகுப்புக்குப் பின்னால் கொல்லைப்புற வாசலில் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு கேள்வி கேட்பாள். பிள்ளைகள் போர்டைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் வருகிற குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தால் பயப்படுகிறார்கள், பார்க்காவிட்டால் தைரியமாகச் சொல்லுகிறார்கள் என்று அதற்கு அவள் காரணம் சொன்னாள்.

2002 மார்ச்சில் கல்லூத்துப்பட்டியில் அம்மை போட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். யுவராணி தகவல் கேட்ட அன்றே ஜீப் எடுத்துக்கொண்டு போய், மாரித்தை மூட்டை முடிச்சோடு தேனிக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாரித் கேட்டாள். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிற வீட்டுக்குள் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் இல்லை என்று யுவராணி மறுத்துவிட்டாள். அடுத்த வாரமே மாரித் விமானம் ஏறிவிட்டாள்.

நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஆபீஸ் போன் அடித்தது. மாரித்தின் அம்மா சோல்வெய் பேசினாள். போன மாதம் பனி உறைந்த ரோட்டில் மாரித் சைக்கிளோடு விழுந்து மண்டையில் அடிபட்டிருந்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் பிள்ளை நாளில் பெரும்பகுதி தூங்குகிறாள், கொஞ்ச நேரம் விழிக்கிறாள், விழித்தால் தெரியாத பாஷையில் ஏதோ பேசுகிறாள் என்று சோல்வெய் சொன்னாள். அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறதாம். அதை எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மொக்கம்மாள்.

“அது ஒரு ஆள் பெயரா? காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அழுகிறாள்” என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டாள்.

பெயர்தான், அந்தப் பக்கத்தில் வைக்கிற பெயர்தான் என்று யுவராணி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. அடுத்த நடை போனபோது சண்முகத்தாய் டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் ஒன்றாம் வகுப்பைக் கைகாட்டினார். ஏலத்தோட்டத்து வேலையை விட்டு மலையிறங்கி வந்த குடும்பம், பிள்ளையை ஜூனில்தான் சேர்த்தார்கள். எண்ணெய் வழிய வாரிய தலையோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதும் வீங்கிச் சிவந்திருந்தன. போன வெள்ளிக்கிழமை காது குத்தியது, சீழ் வைத்துவிட்டது என்றார் டீச்சர்.

மாரித்துக்குக் கடிதம் ஏதும் போட்டீர்களா என்று யுவராணி விசாரித்தாள். தன்னிடம் விலாசமே இல்லை என்றுவிட்டார் டீச்சர்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போன் வந்தது. தண்ணீர் டிரம் விரிசல் விட்டதா? ஒரு பையன் கைவிரலைக் கதவில் நசுக்கிக்கொண்டானா? சத்துணவுக்குக் கீரை போட்டார்களா? மாரித் சொல்லுவதையெல்லாம் அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பாள். யுவராணி கடமலைக்குண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசி, ஆள் விட்டு டீச்சரிடம் விசாரிப்பாள். எல்லாம் நடந்திருந்தது. அன்றன்றைக்கு நடந்திருந்தது.

முதலில் அவளுக்கு அதிசயமாகத்தான் இருந்தது. பயம் வந்தது வேறொன்றைக் கவனித்த பிறகு. அங்கே மாரித் கண் விழிப்பது எப்போதும் முற்பகலில், இங்கே பள்ளிக்கூடம் விட்டு மணி அடிக்கிற நேரத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விழித்திருக்கிறாள். மழை பெய்து பள்ளிக்கூடம் வைக்காத நாளில் விழித்திருக்கிறாள். அரையாண்டு லீவில் நன்றாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், குணமாகிறது என்று சோல்வெய் சந்தோஷப்பட்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று மறுபடி படுத்துவிட்டாள். இந்தக் கணக்கை யுவராணி அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் கல்லூத்துப்பட்டியில் இருந்தபோது, மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்ற மொக்கம்மாள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லை. ஏறி ஏறிப் போய், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றுவிடுகிற மெட்டு. இந்தப் பக்கத்துப் பாட்டு எதிலும் அப்படி வராது. எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, டீச்சரம்மா வீட்டில் பாடுகிறார்கள் என்றாள் பிள்ளை. எந்த டீச்சர் என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்துவிட்டாள்.

அடுத்த போன் வந்தபோது யுவராணி, ஏன் செய்கிறோம் என்றே தெரியாமல், அந்த மெட்டைப் போனில் முணுமுணுத்துக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் சோல்வெய் அழுவது கேட்டது. அது அவளே கட்டிய மெட்டு. மாரித் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்க வைக்கப் பாடியது. வேறு யார் முன்னாலும் பாடியதில்லை. இப்போது தினமும் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பாடுகிறாள்.

பிப்ரவரியில் மாரித் விழிப்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விழிக்கவில்லை. டாக்டர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சோல்வெய் இப்போது கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மன்றாடினாள். விழிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ அவளோடு பேசு, அவள் பார்ப்பதெல்லாம் கனவு என்று சொல், நீ சொன்னால் நம்புவாள் என்றாள்.

யுவராணி அன்று வீட்டில் எல்லாவற்றையும் கர்ணனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை யோசித்துவிட்டு, “அந்தம்மா ஒத்தப் பிள்ளைய வச்சிருக்காக. ஒரு பொய்யில பிள்ளை முழிக்கும்னா சொல்லிட்டுப் போ” என்றான்.

அந்த வாரமே அவள் கல்லூத்துப்பட்டிக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து முன்வாசலில் வந்து நின்றாள். சண்முகத்தாய் டீச்சர் வெளியே அடுப்படியில் அரிசி அளந்துகொண்டிருந்தார். வகுப்பில் பெரியவர்கள் யாரும் இல்லை. பிள்ளைகள் போர்டைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் இல்லாத வகுப்பில் இருக்க வேண்டிய இரைச்சல் இல்லை.

“செவன்” என்றார்கள் எல்லாரும் சேர்ந்து.

கொஞ்ச நேரம் அமைதி. ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற நேரம்.

“டுவெல்வ்.”

போர்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யுவராணி பின்வாசலைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. வெயில் உள்ளே விழுந்திருந்தது. நிலையில் சாய்ந்து நிற்க ஆள் இல்லை. மறுபடி அமைதி. இந்தத் தடவை பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லைபோல, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மொக்கம்மாள் மட்டும் எதற்கோ வெட்கப்பட்டுச் சிரித்தாள். யுவராணி உள்ளே கால் வைக்கவில்லை. வந்த வழியே வெறுங்காலோடு திரும்பி நடந்தாள்.

மறுநாள் சோல்வெய் போனை மகள் காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. யுவராணி அந்த நிதானமான குரலில், தமிழிலேயே சொன்னாள். பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது, பிள்ளைகள் எல்லாரும் கடமலைக்குண்டுக்குப் போய்ப் படிக்கிறார்கள், அங்கே இப்போது யாரும் இல்லை, நீ காண்பது கனவு என்றாள்.

பதில் வந்தது. வாய் உலர்ந்த, மெல்லிய குரல். கோபம் இல்லை.

“ஏன்க்கா பொய் சொல்றீக? நீங்களுந்தான அங்கன வந்து நின்னீக. அறுந்த செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு.”

செருப்பு அறுந்ததை யுவராணி கர்ணனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, பட்டப்பகலில் கீழே உரக்கடைக்கு இறங்கிப் போய், நாலு ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், வந்த பிள்ளையை அழைப்பது, வருஷம் முடிந்ததும் அனுப்பிவைப்பது. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசி நாளில் பள்ளிக்கூடத்தில் ஒரு வழியனுப்பு விழா வைப்பாள். மாலை, பிஸ்கட், ஒரு பாட்டு, ஒரு போட்டோ. மாரித்துக்கு அது நடக்கவில்லை. இதைச் சொல்லி, அந்த விழாவை இப்போதாவது வைத்துவிடலாம் என்று அவள் சண்முகத்தாய் டீச்சரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பல மாதமாக அந்த வகுப்பில் தான் பின்வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை என்று அப்போதுதான் வாய் திறந்தார்.

மார்ச் மாதம் அது. இலவங்காய் வெடிக்கிற காலம். தோப்புகளிலிருந்து பஞ்சு பறந்து வந்து பாதையெல்லாம், கூரையெல்லாம் ஒட்டியிருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் செவ்வந்தி மாலை ஒன்றைச் சாத்தினாள் யுவராணி. என்ன சொல்லி அனுப்புவது என்பதில் டீச்சருக்குத் தயக்கம் வந்தது.

“போயிட்டு வாங்கன்னு சொல்லக் கூடாது யுவராணி. வாங்கன்னா வந்துருவாக. போங்கன்னுதான் சொல்லணும்” என்றார்.

அந்தச் சொல்லை அந்த ஊரில் யாரும் கிளம்புகிறவர்களிடம் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். சுடுகாட்டில்கூட யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக நாற்காலிக்கு முன்னால் வந்து, “போங்க டீச்சர்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் அழுதார்கள். கடைசியில் மொக்கம்மாள் வந்தாள். அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தாள்.

“எங்க போகன்னு கேக்குறாக” என்றாள்.

யுவராணி ஏர்போர்ட் வாசலில் தயங்குகிற பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“மாரித், ஒன் வேலை முடிஞ்சிருச்சு. ஒங்கம்மா ஒத்தையில உக்காந்திருக்காக. வீட்டுக்குப் போ தாயி.”

காற்று வெளியிலிருந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. கதவு வழியாகப் பஞ்சு உள்ளே வந்து சிமெண்டுத் தரையில் உருண்டுகொண்டிருந்தது. அதில் நாற்காலிக் காலடியில் கிடந்த ஒரு கொத்து மெதுவாகக் கிளம்பிக் காற்றுக்கு எதிராக வாசலை நோக்கிப் போனது. சேலைக் கரை இழுத்துக்கொண்டு போவதுபோலப் போய், படியில் இறங்கி, வெயிலில் கலைந்தது. டீச்சர் யுவராணியின் கையைப் பிடித்தார்.

போன் வரவே இல்லை. யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை. நல்லதோ கெட்டதோ எதுவானாலும் தன் வாய்தான் அதற்குக் காரணம் என்று கர்ணனிடம் புலம்பினாள். ஒரு வாரம் கழித்துச் சோல்வெய் கூப்பிட்டாள். வழியனுப்பிய அன்றைக்கே மாரித் எழுந்துவிட்டாளாம். ரொட்டி கேட்டாளாம். தங்கள் பாஷையில் தெளிவாகப் பேசுகிறாளாம். ஆனால் இந்தியாவுக்குப் போனதே அவளுக்கு நினைவில்லை. போட்டோக்களைக் காட்டினால் யாரையோ பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். ஒரு தமிழ் வார்த்தை தெரியவில்லை. இனி இதைக் கிளற வேண்டாம், போனோ கடிதமோ வேண்டாம், உனக்கு என் உயிர் உள்ளவரை நன்றி என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டாள். யுவராணி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வருஷங்கள் ஓடின. டிரஸ்டுக்குக் கம்பத்திலும் ஒரு கிளை வந்தது. கல்லூத்துப்பட்டியில் பிள்ளைகள் குறைந்து, 2007இல் பள்ளிக்கூடத்தை உண்மையாகவே மூடினார்கள். கட்டிடத்தைப் பஞ்சு வியாபாரி ஒருவர் வாடகைக்கு எடுத்து மூட்டை அடுக்கினார்.

2009 டிசம்பரில், தேக்கடி பார்க்க வந்த மாரித், தான் ஒருகாலத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிற ஊரைப் பார்க்க ஆசைப்பட்டுத் தேனிக்கு வந்தாள். கூடப் புருஷனும் வந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். யுவராணியின் கையைக் குலுக்கி, அம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள் என்றாள். ஜீப்பில் வழியெல்லாம் எல்லாவற்றையும் முதல்முறை பார்க்கிறவள்போலக் கேட்டுக்கொண்டு வந்தாள். கல்லூத்துப்பட்டியில் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் கன்னத்தைத் தடவினார்கள். அவள் எல்லாரிடமும் சிரித்தாள். பின்வாசல் படியில் நின்று புருஷன் அவளைப் போட்டோ எடுத்தான்.

மொக்கம்மாள் அப்போது எட்டாம் வகுப்பு, கடமலைக்குண்டில் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குள் வராமல் குழாயடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யுவராணி கிட்டே போய், வந்து பேசேன், மாரி டீச்சர்தானே என்றாள்.

“இது அவுக இல்லக்கா” என்றாள் மொக்கம்மாள், சாதாரணமாக.

“வேற யாருடி?”

“தெரியல. அவுக மாதிரியே இருக்காக.”

“அப்ப அவுக எங்க?”

அந்தப் பெண் யுவராணியை ஏறிட்டுப் பார்த்தாள். “நீங்கதான போகச் சொன்னீக. எங்கிட்டுப் போனாகளோ.”

ஜீப் புறப்பட்டது. கடமலைக்குண்டு தாண்டிய பிறகு மாரித் பின் சீட்டிலிருந்து எட்டி, குழாயடியில் நின்ற அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்று சொன்னாள் என்றாள் யுவராணி. அதைச் சொல்லி வாய் மூடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மொக்கம்மாள் ஊருக்கு வந்து சேர்ந்தது மாரித் போன பிறகு. இன்றைக்கு முன்னால் மாரித்தின் முகத்தை அவள் கண்ணால் கண்டதே கிடையாது.

பின்னால் மாரித் புருஷனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிறிது நேரத்தில் பேச்சு நின்று, தூங்கிவிட்டவளின் மூச்சு கேட்டது. டிரைவர், பின் சீட்டைக் காட்டுகிற கண்ணாடியைத் திருப்பி வைக்கட்டுமா, வெயில் அடிக்கிறதா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் யுவராணி. ஆண்டிபட்டி வரும்வரை அவள் அந்தக் கண்ணாடிப் பக்கமும் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.